கடலைக்காட்டுக் காவலுக்கு தெர்மல் ஸ்கேனர்: 1200 மீட்டரா, 1800 மீட்டரா?

பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எருத்தேம்பதி பக்கம் உங்களுக்கு நான்கு ஏக்கர். பாதி நிலக்கடலை, மீதி தென்னை. ராத்திரியில் காட்டுப்பன்றி கூட்டமாக இறங்கிக் கடலையைக் கிளறிப் போட்டுவிட்டுப் போகிறது. பஞ்சாயத்து அனுமதியோடு சுட வருகிறவர் உங்கள் மைத்துனர். அவருக்கு இருட்டில் பன்றியைக் காட்டிக்கொடுக்க, உடல் சூட்டைப் படமாகக் காட்டும் ஒரு கையடக்க தெர்மல் ஸ்கேனர் வாங்கப் போகிறீர்கள். பெட்டியில் 1200 மீட்டர் என்று போட்ட ஒன்றும் 1800 மீட்டர் என்று போட்ட இன்னொன்றும் பார்த்து வைத்திருக்கிறீர்கள். கூடுதல் பணம் போட்டு 1800ஐ வாங்கலாமா என்பது கேள்வி. இதற்கு அடியில் இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. கருவியில் தெரியும் அந்த வெள்ளைத் திட்டு பன்றிதான், ஆள் இல்லை, கன்றுக்குட்டி இல்லை என்று எவ்வளவு தூரம்வரை அடித்துச் சொல்ல முடியும்? நான் இதற்குத்தான் பதில் எழுதுகிறேன். நீங்கள் "பன்றிதான்" என்று சொன்ன பிறகுதானே உங்கள் மைத்துனர் விசையில் விரல் வைப்பார்.

என் தொழில் மின்சாரம். டிரான்ஸ்ஃபார்மர், சப்ஸ்டேஷன், ஆலைகளின் மோட்டார் இணைப்புகள் இவற்றில் எங்கே சூடு ஏறுகிறது என்று தெர்மல் கேமராவால் பார்த்து அறிக்கை கொடுக்கும் வேலையைப் பல வருடங்களாகச் செய்கிறேன். வீடு வேலந்தாவளத்துப் பக்கம். உறவுக்காரர்களின் தோட்டங்கள் எல்லைக்கு இந்தப் பக்கமும் உண்டு, அந்தப் பக்கமும் உண்டு. அதனால் காவல் பரணில் இந்தக் கருவியோடு உட்கார்ந்த பழக்கமும் இருக்கிறது. துப்பாக்கி என் துறை அல்ல. அதைப் பற்றி உரிமம் வைத்திருக்கும் உங்கள் மைத்துனர் சொல்வதே சரி.

முதலில் பெட்டியில் போட்டிருக்கும் எண். எல்லாப் பொருளும் தன் சூட்டுக்கு ஏற்பக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை விட்டுக்கொண்டே இருக்கிறது. ஸ்கேனர் அதில் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் வரையுள்ள பகுதியைப் பிடித்துப் படமாக்குகிறது. உள்ளே இருக்கும் சென்சார் சின்னச் சின்ன பிக்சல்களால் ஆனது. இப்போது விற்கும் கருவிகளில் பெரும்பாலும் ஒரு பிக்சலின் அளவு 12 மைக்ரான். லென்ஸ் 25 மில்லிமீட்டர் என்றால், 100 மீட்டர் தூரத்தில் ஒரு பிக்சல் பிடிக்கும் இடம் 4.8 சென்டிமீட்டர். இரண்டு எண்களையும் வகுத்தால் யாருக்கும் கிடைக்கும் கணக்கு இது. 1200 மீட்டரில் அதே பிக்சல் 58 சென்டிமீட்டர் இடத்தைப் பிடிக்கும். கம்பெனிகள் பொதுவாக 1.8 மீட்டர் உயரமுள்ள ஆளை வைத்துத்தான் தூரம் சொல்கின்றன. அந்த ஆள் 1200 மீட்டரில் உயரத்துக்கு மூன்று பிக்சல், அகலத்துக்கு ஒன்றுகூடத் தேறாது. 35 மில்லிமீட்டர் லென்ஸுக்கு இதே கணக்கைப் போடுங்கள். 1800 மீட்டரில் ஒரு பிக்சலுக்கு 62 சென்டிமீட்டர், ஆள் அங்கேயும் மூன்று பிக்சல்தான். ஆக, நீங்கள் பார்த்த இரண்டு பெட்டிகளும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன. இத்தனை மீட்டரில் ஏதோ ஒன்று சூடாக நிற்பது தெரியும், அவ்வளவுதான். அது என்னவென்று தெரியும் என்று அவர்கள் எங்கேயும் சொல்லவில்லை.

என்னவென்று தெரிய எத்தனை பிக்சல் வேண்டும்? அமெரிக்க ராணுவ ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஜான் ஜான்சன் என்பவர் 1958ல் இதற்கு ஓர் அளவுகோல் வகுத்தார். இன்றைக்கும் தெர்மல் துறையில் எல்லோரும் அதைத்தான் கையில் எடுக்கிறோம். இன்றைய பிக்சல் கணக்கில் சொன்னால், ஏதோ இருக்கிறது என்று தெரியப் பொருளின் குறுகலான பக்கத்தில் 2 பிக்சல், எந்த வகை என்று பிரிக்க 8, இன்னதுதான் என்று சொல்ல 13. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இந்த எண்கள் பாதிக்குப் பாதி வாய்ப்புக்கான எண்கள். பார்க்கிறவர் பத்துத் தடவை பார்த்தால் ஐந்து தடவை சரியாகச் சொல்வார் என்ற கணக்கு. டிரான்ஸ்ஃபார்மர் பார்ப்பதற்கு இது போதும், சந்தேகம் வந்தால் பக்கத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். குண்டு அப்படித் திரும்பி வராது. அதனால் சுடும் முடிவுக்கு 20 பிக்சலுக்குக் குறைந்து எதையும் நான் ஒப்புக்கொள்வதில்லை. இந்த 20 என் சொந்தத் தீர்மானம், எந்தப் புத்தகத்திலும் இப்படி எழுதியிருக்காது.

சரி, உங்கள் நிலத்துக்கு வருவோம். வளர்ந்த காட்டுப்பன்றியின் தோள் உயரத்தை 75 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். பெரிய ஒத்தைப் பன்றி இதைவிட உயரமாகவும் இருக்கும். 20 பிக்சல் கிடைக்க 25 மில்லிமீட்டர் லென்ஸில் அது 78 மீட்டருக்குள் நிற்க வேண்டும். 35 மில்லிமீட்டரில் 109 மீட்டர், 15 மில்லிமீட்டரில் 47 மீட்டர், விலை மலிவான 10 மில்லிமீட்டர் லென்ஸில் 31 மீட்டர். உங்கள் நான்கு ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 127 மீட்டர்தான் வரும். பயிர்க்காவலுக்கு உரிமம் வாங்கியவர்கள் நம் பக்கம் பெரும்பாலும் வைத்திருப்பது பன்னிரண்டு போர் (12 bore) துப்பாக்கி, அதற்குரிய தூரமோ இதைவிடவும் குறைவு. உங்கள் நிலத்தின் நடுவில் ஒரு பரண் போட்டு உட்கார்ந்தால் எந்த மூலையும் 90 மீட்டரைத் தாண்டாது. இப்படி இருக்க, 1800 மீட்டருக்கு எதற்குப் பணம்?

நீளமான லென்ஸால் நஷ்டமும் உண்டு, இதைக் கடைக்காரர் சொல்லமாட்டார். லென்ஸ் நீளமாக நீளமாகப் பார்வை குறுகிவிடும். 384க்கு 288 பிக்சல் உள்ள சென்சாரில் 35 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால், 50 மீட்டர் தூரத்தில் நீங்கள் பார்க்கும் அகலம் ஆறரை மீட்டர்தான். ஒரு தாய்ப்பன்றி தெரியும், அதன் பின்னால் வரும் குட்டிகள் தெரியா, நாலு எட்டுத் தள்ளி வரப்பில் நிற்கும் ஆளும் தெரியார். 25 மில்லிமீட்டரில் அதே இடத்தில் 9 மீட்டர் அகலம், 100 மீட்டரில் 18 மீட்டர். 15 மில்லிமீட்டரில் 50 மீட்டர் தூரத்திலேயே 15 மீட்டர் கிடைக்கும், ஆனால் உருவம் சிறுத்துவிடும். உங்கள் அளவு நிலத்துக்கு 384 சென்சார், 25 மில்லிமீட்டர் லென்ஸ் என்பதே என் பரிந்துரை. கையில் மிச்சப் பணம் இருந்தால் லென்ஸை நீட்டாதீர்கள், சென்சாரைப் பெரிதாக்குங்கள். 640க்கு 512 சென்சாரில் அதே 25 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் உருவத்தின் தெளிவு குறையாமல் அகலம் 15 மீட்டருக்கு விரியும். விலைதான் ஏறத்தாழ இரண்டு மடங்குக்குக்கூடப் போகும். நெல்லியாம்பதிச் சரிவிலோ அட்டப்பாடியிலோ பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் என்ன இறங்குகிறது என்று பார்க்கிறவர்களுக்கு 35ம் 50ம் தேவைப்படும். சமவெளியில் வேண்டாம்.

விலை ஏன் இப்படி என்று கேட்பீர்கள். சாதாரணக் கண்ணாடி இந்தக் கதிரை விடவே விடாது. அதனால் லென்ஸை ஜெர்மானியம் என்ற தனிமத்தில் செய்கிறார்கள். உலகத்துக்குப் பெரும்பங்கு ஜெர்மானியம் தரும் சீனா 2023 ஆகஸ்ட் முதல் அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வைத்தது. லென்ஸ் பெரிதானால் விலை எகிறுவதற்கு இது ஒரு காரணம். கண்ணாடி விடாது என்பதால் இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஜீப்புக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிவிட்டு இதில் பார்த்தால் வெளியே எதுவும் தெரியாது, கண்ணாடியில் உங்கள் முகத்தின் சூடுதான் மங்கலாகத் தெரியும்.

அடுத்தது, பெட்டியில் மில்லிகெல்வின் என்று போட்டிருக்கும் எண். எவ்வளவு சின்னச் சூட்டு வித்தியாசத்தைக் கருவி பிரித்துக் காட்டும் என்பதற்கு அது. 50ஐவிட 35 நல்லது, 25 இன்னும் நல்லது. ஆனால் ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு விதமாக அளப்பதால், ஒன்றின் 25க்கும் இன்னொன்றின் 20க்கும் இடையே நான் பெரிய வித்தியாசம் பார்ப்பதில்லை. 50க்கும் 25க்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கண்ணால் பார்த்தாலே தெரியும். குளிர் நாட்டில் எடுத்த வீடியோவைப் பார்த்துவிட்டு நம் ஊரில் அதே படம் வரும் என்று நம்பிவிடாதீர்கள். அங்கே மண் ஐந்து டிகிரி, விலங்கு முப்பது டிகிரி. பனியில் வைத்த விளக்கு மாதிரித் தெரியும். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் பகல் முழுக்கக் காய்ந்த செம்மண்ணும் பாறையும் வரப்புக் கல்லும் ராத்திரி ஒன்பது, பத்து மணிக்கும் பன்றியின் மேல்தோல் அளவுக்கே சூடாக இருக்கும். சூரியன் இறங்கிய பிறகு மண்ணும் விலங்கும் ஒரே சூட்டுக்கு வந்து நிற்கும் ஒரு நேரம் உண்டு, காலையில் வெயில் ஏறும்போதும் உண்டு. அந்த நேரத்தில் பெரிய பன்றிகூடப் பின்னணியோடு கரைந்துபோகும். இது எல்லாக் கருவிக்கும் பொதுவான இயற்கை விதி, விலை கொடுத்துத் தாண்ட முடியாது. நடுச்சாமத்துக்கு மேல் மண் ஆறிய பிறகு படம் தெளியும். விடிவதற்கு முந்தைய இரண்டு மணி நேரம்தான் வருடம் முழுக்க நல்ல நேரம்.

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று இதில் நமக்கு உதவி செய்கிறது. காற்று அடிக்கும் ராத்திரியில் கல்லும் இலையும் சீக்கிரம் ஆறிவிடும். மழை நேர்மாறு. ஆனி, ஆடியில் மழை பெய்து ஓய்ந்ததும் எல்லாம் நனைந்து ஒரே சூட்டில் நிற்கும், படம் சாம்பல் பூசினதுபோல் வரும். மார்கழிப் பனிமூட்டத்தில் பார்க்கும் தூரமே குறைந்துவிடும். தெர்மல் பனிமூட்டத்தைத் துளைக்கும் என்று விற்கிறவர்கள் சொல்வது மெல்லிய மூட்டத்துக்குச் சரி, அடர்ந்த மூட்டத்துக்குச் சரியில்லை. இன்னொன்று, சேற்றில் புரண்டு வரும் பன்றி. அதன் தடித்த மயிரும் மேலே ஒட்டிய ஈரச்சேறும் உடல் சூட்டை மறைத்துவிடும். வாய்க்கால் ஓரமாக வரும் பன்றியின் முதுகு கறுத்தும் முகமும் காலின் உள்பக்கமும் மட்டும் வெளுத்தும் தெரிவதை நான் பார்த்திருக்கிறேன். பழகாதவர் அதைப் பன்றி என்றே எடுத்துக்கொள்ளமாட்டார்.

இந்தக் கருவி எதைக் காட்டாது என்பதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. என்னைக் கேட்டால் உயிரைக் காப்பாற்றும் விஷயமே இதுதான். இலைக்குப் பின்னால் இருப்பதை இது காட்டாது. சோளக்காட்டுக்குள்ளோ கரும்புக்குள்ளோ பன்றி நின்றால் இடுக்குகளில் வெள்ளைப் பொட்டுகள் மினுக்கும், அவ்வளவுதான். பொட்டைப் பார்த்துப் பன்றி என்று முடிவு கட்டக்கூடாது. பாம்பைக் காட்டாது. பாம்புக்கு உடல் சூடு சுற்றுப்புறத்தோடு ஒத்துப்போவதால் கண்ணாடி விரியன் உங்கள் காலடியில் கிடந்தாலும் படத்தில் மண்ணாகத்தான் தெரியும். ஸ்கேனரைக் கண்ணில் வைத்துக்கொண்டு வரப்பில் நடக்கவே நடக்காதீர்கள். நடக்கும்போது டார்ச், காலில் முழங்கால் வரை பூட்ஸ். உட்கார்ந்த பிறகுதான் ஸ்கேனர்.

மூன்றாவது, மின்கம்பி. என் தொழில் சம்பந்தப்பட்டது என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். கம்பி சூடாவது அதில் மின்னோட்டம் ஓடும்போதுதான். பன்றிக்கு என்று திருட்டுத்தனமாகக் கரண்ட் கொடுத்துத் தரையோரம் இழுத்துவிட்ட கம்பியில், யாராவது தொடும்வரை மின்னோட்டம் ஓடாது. மின்னழுத்தம் மட்டும் நிற்கும். அதனால் கம்பி சூடேறாது, தெர்மலில் மற்ற கம்பிகளைப்போலவே தெரியும், மெல்லிய கம்பி என்றால் அதுகூடத் தெரியாது. 2022 மே மாதம் பாலக்காடு முட்டிக்குளங்கரை போலீஸ் முகாமை ஒட்டிய வயலில் இரண்டு போலீஸ்காரர்கள் பன்றிக்கு வைத்த இப்படியான மின்கம்பியில் பட்டு இறந்துபோனார்கள். உங்கள் பக்கத்துக் காட்டுக்காரர் யாராவது அப்படிக் கம்பி விடுகிறார் என்று தெரிந்தால், பன்றிக் காவலுக்குப் போவதற்கு முன் அவரிடம் பேசி எடுக்கச் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் மின்வாரிய அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் ஆயிற்றே என்று தயங்க வேண்டாம். அவர் வீட்டுப் பிள்ளையும் அந்த வரப்பில்தான் நடக்கிறது.

யானையை இது நன்றாகக் காட்டும். வாளையாறு, மலம்புழை பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்கேனர் வாங்க இந்த ஒரு காரணமே போதும். 2021 நவம்பரில் நவக்கரை அருகே ரயில் மோதி மூன்று யானைகள் செத்த பிறகு, மதுக்கரை வனப்பகுதியில் தண்டவாளத்தை ஒட்டிக் கோபுரங்கள் நட்டுத் தெர்மல் கேமரா வைத்து 2024 பிப்ரவரியில் கண்காணிப்பைத் தொடங்கினார்கள். அங்கே இருப்பது பெரிய நிலையான கேமரா. கையடக்கக் கருவியிலும் திறந்த வெளியில் யானை நூற்றுக்கணக்கான மீட்டர் தள்ளியே தெரிந்துவிடும். தென்னந்தோப்புக்குள் நின்றால் மட்டும் மரங்களுக்கு இடையே துண்டு துண்டாகத் தெரியும். யானை தெரிந்தால் அன்றைக்குக் காவல் முடிந்தது என்று எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய் வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

இனி, தெரிவது பன்றியா என்று பார்ப்பது. அசையாமல் நிற்கும் உருவத்தை வைத்துத் தீர்மானிக்கவே கூடாது, நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும். பன்றிக்கு முன்பக்கம் கனம், பின்பக்கம் சரிவு, கால் குட்டை, தலை மண்ணோடு இருக்கும், கழுத்து என்று தனியாக ஒன்று தெரியாது. கிளறும்போது முகத்தால் மண்ணைத் தள்ளித் தள்ளி முன்னேறும். நாய் மோந்துகொண்டே ஓடும், அடிக்கடி தலை தூக்கும், கால் நீளம் உடனே தெரியும். கன்றுக்குட்டி தலையை ஆட்டும், ஓரிடத்தில் நின்று மேயும். முள்ளம்பன்றியின் முட்கள் குளிர்ந்து கறுத்து, முகம் மட்டும் வெளுத்துத் தெரியும். மலையடிவாரத்தில் கரடி தலை குனிந்து மண்ணைத் தோண்டினால் பன்றி போலவே இருக்கும், முதுகு உருண்டையாக இருப்பதை வைத்துத்தான் பிரிக்க வேண்டும். ஆளைப் பிரிப்பதுதான் இருப்பதிலேயே கஷ்டம். நிமிர்ந்து நடக்கும் ஆள் யாருக்கும் தெரியும். குனிந்து மோட்டார் பெட்டியைத் திறப்பவரும், வாய்க்கால் மடையைத் திருப்ப உட்கார்ந்தவரும், காட்டில் காவலுக்குப் படுத்திருப்பவரும் உயரம் குறைந்த ஒரு வெள்ளைத் திட்டுதான். கம்பளி போர்த்தியவர் அந்த அளவுகூடத் தெரியமாட்டார், முகம் மட்டும் ஒரு பொட்டாகத் தெரியும். வயநாட்டில் 2021ல் ராத்திரி நெல்வயலில் காவலுக்குப் போன ஒருவரைப் பன்றி என்று எண்ணிச் சுட்டு அவர் இறந்தே போனார். நம் பக்கம் ராத்திரி கரண்ட் வந்ததும் மோட்டார் போட எழுந்து போகிறவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். காவல் இருக்கும் ராத்திரியில் சுற்றியுள்ள எல்லாக் காட்டுக்காரர்களுக்கும் போன் செய்து சொல்லிவிடுங்கள். இரண்டு நிமிடமாவது பார்த்து, பன்றி என்று நீங்களும் துப்பாக்கி வைத்திருப்பவரும் தனித்தனியாகச் சொன்ன பிறகு, டார்ச் அடித்துக் கண்ணால் ஒரு தடவை பார்த்து, குண்டு போகும் திசையில் வீடோ ரோடோ இல்லை என்று உறுதி செய்த பிறகுதான் மற்றது.

மற்ற விவரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வினாடிக்கு 9 படம் காட்டும் கருவியில் ஓடும் பன்றி விட்டு விட்டுத் தெரியும். 25க்குக் குறையாமல், முடிந்தால் 50 ஹெர்ட்ஸ் வாங்குங்கள். எல்லாக் கருவியும் அவ்வப்போது தன்னைத்தானே சரிசெய்துகொள்ள உள்ளே ஒரு மூடியை மூடித் திறக்கும், அப்போது படம் ஒரு நொடி உறையும், டக் என்று சத்தம் வரும். பன்றிக்குக் காது கூர்மை. சத்தமில்லாமல் சரிசெய்யும் வசதி உள்ளதா என்று கேளுங்கள். டிஜிட்டல் ஜூம் எத்தனை மடங்கு என்று போட்டிருப்பதை மதிக்க வேண்டாம், இருக்கிற பிக்சலைத்தான் பெரிதாக்கிக் காட்டும், புதிதாக ஒரு விவரமும் வராது. திரையின் வெளிச்சத்தை ஆகக் குறைவாக வையுங்கள், இல்லையென்றால் கண்ணை எடுத்ததும் சில நிமிடங்களுக்கு இருட்டில் ஒன்றும் தெரியாது. பல நிறங்களில் காட்டும் வசதி பார்க்க அழகு, காவலுக்குச் சூடானதை வெள்ளையாகக் காட்டும் வெள்ளைச்சூடு, கறுப்பாகக் காட்டும் கறுப்புச்சூடு என்ற இரண்டே போதும். பேட்டரி கழற்றி மாற்றும்படி இருக்கட்டும், மழைக்குத் தாங்கும் ஐபி67 தரம் இருக்கட்டும். லேசர் தூரமானி உள்ள மாடலுக்குக் கொஞ்சம் கூடுதல் பணம் போடலாம். இருட்டில் 60 மீட்டரும் 120 மீட்டரும் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும், மேலே சொன்ன கணக்கெல்லாம் தூரத்தை வைத்துத்தானே. எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் தெர்மல் கேமராவும் போனில் செருகும் சின்னக் கருவியும் இந்த வேலைக்கு ஆகாது. அவை சில மீட்டர் தள்ளிச் சூடு அளப்பதற்கு. பல்சார், ஹிக்மைக்ரோ, ஃப்ளிர் என்று பெயர்கள் பல உண்டு, மாடல்கள் அடிக்கடி மாறும். பெயரைவிட மேலே சொன்ன எண்களைக் கேட்டு வாங்குங்கள்.

சட்டம். எல்லையில் இருப்பதால் உங்களுக்கு இரண்டு மாநில விதிகளும் தெரிந்திருக்க வேண்டும். 1972ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி காட்டுப்பன்றி பாதுகாக்கப்பட்ட விலங்குதான். 2022 திருத்தத்துக்குப் பிறகு இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. அதைத் தொல்லை விலங்காக அறிவிக்கச் சொல்லிக் கேரளம் கேட்டது, மத்திய அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக 2022ல் கேரள அரசு பஞ்சாயத்துத் தலைவர்களுக்குக் கௌரவ வனவிலங்குக் காப்பாளர் பொறுப்பும், செயலாளர்களுக்கு அதிகாரம் பெற்ற அலுவலர் பொறுப்பும் கொடுத்து, பயிரை அழிக்கும் பன்றியைச் சுட அவர்களே அனுமதி தரும்படி செய்தது. விஷம், வெடி, மின்சாரம் கூடாது. துப்பாக்கி உரிமம் உள்ளவரே சுட வேண்டும். செத்த பன்றியை விதிப்படி புதைக்க வேண்டும், இறைச்சியை எடுக்கக்கூடாது. இந்த ஏற்பாடு கால வரம்போடு வந்து நீட்டிக்கப்படுவது. ஆகவே போன வருடம் கிடைத்த அனுமதியை நம்பி இந்த வருடம் போகாதீர்கள், ஒவ்வொரு தடவையும் எழுத்தில் வாங்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மான், மயில், முள்ளம்பன்றி எதற்கும் இந்த அனுமதி செல்லாது.

தமிழ்நாட்டில் கதை வேறு. 2025 ஜனவரியில் வந்த ஏற்பாட்டின்படி காப்புக்காட்டு எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடவே கூடாது. ஒன்றிலிருந்து மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டுக்குள் விடலாம். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் சுடலாம், அதுவும் வனத்துறை ஆட்கள் மட்டும். உங்கள் கடலைக்காட்டில் கிளம்பிய பன்றி ஓடி எல்லையைத் தாண்டிவிட்டால் அதோடு விட்டுவிடுங்கள். உங்கள் கையில் இருக்கும் கேரள அனுமதி அந்தப் பக்கம் வெறும் காகிதம். சட்டத்தில் வேட்டை என்பது சுடுவது மட்டும் அல்ல, கொல்லவோ பிடிக்கவோ விரட்டிப் போவதும் பொறி வைப்பதும் அதற்கு முயற்சி செய்வதும் அதில் அடங்கும். ஸ்கேனர் வைத்துக் காட்டிக்கொடுக்கிறவர் "நான் சுடவில்லையே" என்று தப்ப முடியாது. ஸ்கேனரை இந்தியாவிலேயே ஜி.எஸ்.டி. பில்லோடு வாங்கி, வரிசை எண் எழுதிய அந்தப் பில்லின் நகலை அனுமதிக் கடிதத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரியில் வனத்துறை ஜீப் நிறுத்திக் கேட்டால் இரண்டையும் காட்டலாம்.

வாங்குவதற்கு முன் கடைக்குள் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஏசி அறையில் மனிதர்கள் நடுவே பார்த்தால் எல்லாக் கருவியும் அற்புதமாகத்தான் தெரியும். ஒரு ராத்திரிக்காவது உங்கள் காட்டில் வைத்துப் பார்க்கக் கேளுங்கள், இல்லையென்றால் ஏற்கெனவே வாங்கியவர் யாராவது இருந்தால் அவருடையதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். அன்றைக்குத் துப்பாக்கி வேண்டாம். உட்காரும் இடத்திலிருந்து 40, 60, 80, 100 மீட்டரில் முளை அடித்துக்கொள்ளுங்கள். வீட்டு ஆள் ஒருவர் கம்பளி போர்த்திக்கொண்டு ஒவ்வொரு முளையிலும் குனிந்து, உட்கார்ந்து, படுத்துக் காட்டட்டும், ஓர் ஆட்டையும் அங்கே கட்டுங்கள். எது எந்த முளையில் என்று தெரியாத இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு தடவை, விடிகாலை நாலு மணிக்கு ஒரு தடவை. அவர் ஒருமுறைகூடத் தவறாமல் சொன்ன கடைசி முளை எதுவோ அதுதான் அந்தக் கருவியின் தூரம், பெட்டியில் என்ன போட்டிருந்தாலும். அந்த முளையை எடுக்காமல் அப்படியே விட்டுவையுங்கள். அதற்கு அப்பால் பன்றி தெரிந்தால் டார்ச் அடித்து, தகரம் தட்டி விரட்டுங்கள்.